செவியளவு வாங்கல்: வில்லின் நாணீர்ப்பும் நிலைகோளும்

தமிழிலக்கியம் பயில்வார்க்கு வில் புதியதன்று. சேரர்க்கு அது குலப்பொறி. கொல்லிமலைத் தலைவனாகிய ஓரி அதனாலேயே வல்வில் ஓரி எனப் பெயர் பெற்றான். இராமகாதையிலோ அதன் நாணொலி கேளாத போர்க்களம் இல்லை. சிலை, சாபம், தனு, கார்முகம், கோதண்டம் என வில்லின் பெயர்களை நிகண்டு வழி நின்று ஒப்பிக்கவும் நாம் வல்லோம். ஆனால் அந்த வில்லை ஒருவன் எவ்வாறு வளைக்கிறான், வளைத்த நாணை எங்கே கொணர்ந்து நிறுத்துகிறான் என்னும் செய்முறையறிவு கற்றாரிடை மிக அருகிவிட்டது. அதனால் நேரும் இழப்பு சிறிதன்று. தொடுத்தல், வாங்குதல், விடுதல், எய்தல் என்று பாட்டில் வேறு வேறாக நிற்கும் வினைகளையெல்லாம் ‘அம்பு விட்டான்’ என்னும் ஒரே உரைக்குள் அடக்கிவிடுகிறோம். வீரன் நாணைச் செவி வரையில் ஈர்த்தான் என்று புலவர் கூறுமிடத்து, அஃது உயர்வு நவிற்சி என்றோ வடமொழி மரபு பற்றிய வாய்பாடு என்றோ கூறி மேற்செல்கிறோம். அது மரபாக வந்த தொடர் என்பதில் ஐயமில்லை; ஆயினும் தொழிலொன்றின் கலைச்சொல்லாகவே அது முதற்கண் பிறந்தது என்பதும், அத்தொழிலின் இயல்பை அறிந்தாலன்றி அதன் பொருள் முழுமையும் விளங்காது என்பதும் இக்கட்டுரையிற் காட்டப்பெறும்.

வில் எய்தலை ஐந்து கூறாகப் பகுத்து எழுதியவர் இங்கிலாந்தின் உரைநடையாசிரியரும் கிரேக்க மொழிப் புலவருமான ரோசர் ஆசுக்கம். 1545-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டாக்சோபிலஸ்’ என்னும் உரையாடல் நூலில் அவர் கூறுவன: நிற்றல், அம்பை நாணிற் கோத்தல், ஈர்த்தல், நிறுத்தல், விடுதல். தமிழ் வழக்கொடு இவற்றை ஒப்புநோக்கின் முதலதற்குப் பைசாசம், மண்டலம், ஆலீடம், பிரத்தியாலீடம் என நிகண்டுகள் கூறும் நால்வகை நிலைகள் உள்ளன. இரண்டாவதற்குத் தொடுத்தல் என்பதும், மூன்றாவதற்கு வாங்குதல் என்பதும், ஐந்தாவதற்கு விடுதல் என்பதும் அமைந்த சொற்கள். நான்காவதாகிய நிறுத்தலுக்கே தனிச்சொல் எளிதிற் கிட்டவில்லை. ஈர்த்த கை முகத்திலோ கழுத்திலோ மார்பிலோ ஓரிடத்திற் சென்று பொருந்தி, விடுமளவும் அங்கே அசையாது தங்குவதே அது. ஆங்கிலத்தார் இதற்கு நங்கூரத்தின் பெயரையே இட்டு வழங்குவர். கப்பலொடு தொடர்புடைய அச்சொல்லை நாம் வலிந்து கொள்ள வேண்டுவதில்லை. இக்கட்டுரையில் அது நிலைகோள் என்று குறிக்கப்பெறும். செவியளவு என்று புலவர் கூறுவது இந்நிலைகோளின் இடத்தையே.

முதற்கண் தொடுத்தலைச் சிறிது நோக்குவோம். அம்பின் அடியிலுள்ள பிளவு குதை எனப்படும். அக்குதையை நாணில் எப்போதும் ஒரே இடத்தில் பொருத்துதல் வேண்டும். மேலோ கீழோ ஒரு விரலளவு மாறினும் அம்பு நிமிர்ந்தோ கவிழ்ந்தோ செல்லும். இக்காலத்தார் அவ்விடத்தைக் காட்ட நாணில் சிறு முடிச்சோ உலோக வளையமோ அமைத்துக்கொள்கின்றனர். புறநானூற்றின் மூன்றாம் பாட்டில் பாலைநில மறவரின் குறிதவறாமையைக் குறிக்க வந்த இரும்பிடர்த்தலையார் செந்தொடை என்னும் சொல்லை ஆள்கிறார். விடுதலை வேறொரு சொல்லாற் கூறுகிறார். தப்பாத தன்மை தொடைக்கு உரியதாகக் கூறப்படுகிறதே யன்றி, விடுதற்கு உரியதாகக் கூறப்படவில்லை. வில் பயின்றார் எவரும் இதனை உடன்படுவர். விரல் நெகிழும்போது செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அதற்கு முன்னரே அம்பின் போக்கு முடிவாகிவிடுகிறது. பூவைத் தொடுத்தலும் அடிகளைத் தொடுத்தலும் அம்பைத் தொடுத்தலும் ஒரு வினையாகவே நம் மொழியில் நிற்பதும், யாப்பிலக்கணத்திலும் தொடை என்னும் சொல் வழங்குவதும் இங்கே நினைவிற்கு வரும்.

நாணைப் பற்றும் முறை இரண்டு பெரும் பிரிவுகளாகும். ஒன்று விரற்பிடி. சுட்டுவிரல் அம்பிற்கு மேலும், நடுவிரலும் மோதிரவிரலும் அம்பிற்குக் கீழுமாக நாணைக் கொளுவுதல் இதன் இயல்பு. விரல்களின் முதற்கணுவில் நாண் படிந்திருக்கும்; பெருவிரல் நாணைத் தொடாது உள்ளங்கையின்பால் ஒடுங்கிக் கிடக்கும். ஐரோப்பியர் பெரும்பாலும் கொண்டதும், இன்று ஒலிம்பிக் களத்திற் காணப்படுவதும் இதுவே. மற்றொன்று பெருவிரற்பிடி. இதில் பெருவிரலே நாணை வளைத்துப் பிடிக்கிறது. சுட்டுவிரல் மடிந்து அப்பெருவிரல் நகத்தின்மேற் படிந்து தாழ்போல் பூட்டுகிறது. துருக்கியர், மங்கோலியர், சீனர், கொரியர் ஆகியோரிடை இது வழங்கியது. சப்பானியர் பெருவிரற் பகுதி தடித்த தோலுறை அணிந்து இன்றும் இவ்வாறே ஈர்க்கின்றனர். பெருவிரலைக் காத்தற்கு எலும்பு, கொம்பு, கல் முதலியவற்றாற் செய்த கணையாழிகள் ஆசிய நாடுகளிற் பல கிடைத்துள்ளன. விரற்பிடியில் வலக்கையர் அம்பை வில்லின் இடப்புறம் வைப்பர். பெருவிரற்பிடியில் வலப்புறம் வைப்பர். பிடிக்கும் கை சிறிது திருகும் திசையே இவ்வேறுபாட்டிற்குக் காரணம்: அத்திருகல் அம்பை வில்லோடு சேர்த்து அழுத்துதல் வேண்டுமே யன்றி, அதனினின்று விலக்குதல் ஆகாது.

மாபாரதத்தின் ஏகலைவன் கதை இவ்வேறுபாட்டை அறிந்தார்க்கே முற்றும் விளங்கும். துரோணர் கேட்டது வலக்கைப் பெருவிரல். விரற்பிடி கொள்வார்க்குப் பெருவிரல் நாணில் தொழிற்படுவதில்லை. அதனை இழந்தவன் அம்பைக் கையாளுதலில் இடர்ப்படுவானே யன்றி, எய்யும் ஆற்றலை முற்றும் இழந்துவிடான். பெருவிரற்பிடி கொள்வார்க்கோ அவ்விரல் போயின் பயின்ற கலையே போயிற்று. விரலை அளித்தபின் எஞ்சிய விரல்களால் எய்த ஏகலைவனிடம் முன்னைய கைவிரைவு இல்லை என்று வடமொழிப் பாரதம் கூறுகிறது. ஒரு பிடியை விட்டு வேறொரு பிடிக்கு மாறியவனின் நிலையை அறிந்து எழுதப்பட்ட செய்தி அது. காணிக்கையின் கொடுமையை மட்டும் பேசி, அதன் நுட்பத்தைப் பேசாது விடுதல் கதைக்கு முழு உரை ஆகாது.

இனி ஈர்த்தல். வில்லைக் கைவலியால் இழுப்பதென்பது பயிலாதார் கொள்ளும் கருத்து. இடக்கை வில்லின் பிடியை இறுகப் பற்றுதல் கூடாது. பெருவிரலின் அடிப்பகுதியிலே வில் தங்க, ஏனைய விரல்கள் தளர்ந்திருத்தல் வேண்டும். முழங்கையை உட்புறம் சரியவிடாது சிறிது திருப்பிக்கொண்டாலன்றி, மீளும் நாண் முன்கையில் அறைந்து கன்றச் செய்யும். வலக்கையின் மணிக்கட்டும் புறங்கையும் வெறும் கொளுவிபோல் தளர்ந்து நிற்க, முழங்கை பின்னோக்கிச் செல்லும். அதனைச் செலுத்துவது முதுகு: தோட்பட்டை எலும்பு முதுகந்தண்டை நோக்கி நகர்தலால் நாண் வருகிறது. கையின் தசை விரைவில் நடுங்கும். முதுகின் தசை பெரிது, தாங்கும். ஈர்ப்பு முடிந்த நிலையில் மேலிருந்து நோக்கின், இடக்கையின் மணிக்கட்டு, அம்பு, வலமுழங்கை மூன்றும் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டிற் கிடக்கக் காணலாம். வலமுழங்கை அக்கோட்டிற்கு வெளியே விலகி நின்றால், ஈர்த்தது கைதான், முதுகன்று என்று ஆசிரியர் உடனே கண்டுகொள்வார்.

இங்கிலாந்தின் சமயச் சொற்பொழிவாளர் இயூ இலாட்டிமர் 1549-ஆம் ஆண்டில் ஆறாம் எட்வர்டு அரசர் முன்னிலையில் நிகழ்த்திய உரையொன்றில், தம் தந்தை தமக்கு வில் பயிற்றியதை நினைவு கூர்கிறார். பிற நாட்டார் போலக் கைவலியால் ஈர்க்காமல் உடலையே வில்லினுள் கிடத்துமாறு தந்தை கற்பித்தார் என்பது அவர் கூற்று. அந்நாட்டு நெடுவில்லின் வன்மையை அறிந்தால் இக்கூற்றின் உண்மை புலப்படும். 1545-இல் மூழ்கி 1982-இல் எடுக்கப்பெற்ற ‘மேரி ரோசு’ என்னும் போர்க்கப்பலில் 130-க்கு மேற்பட்ட விற்கள் கிடைத்தன. அவற்றை முழுதும் ஈர்ப்பதற்கு 45 கிலோகிராம் முதல் 80 கிலோகிராம் வரை எடைக்கு நிகரான வலி வேண்டும் என்று கணித்துள்ளனர். இன்று பன்னாட்டுப் போட்டிகளில் ஆடவர் ஈர்ப்பது ஏறத்தாழ 20 முதல் 23 கிலோகிராம். அக்கப்பலில் இறந்தார் சிலருடைய தோட்பட்டை எலும்பின் முனை, வளர்ச்சியில் ஒன்றுசேர வேண்டிய இடத்தில் சேராதே நின்றதைக் கண்ட ஆய்வாளர், இளமை தொட்டு வில் பயின்றதே அதற்குக் காரணமாகலாம் என்றனர். வில் மனிதனை வளைத்த கதை அது.

தமிழின் வாங்குதல் என்னும் வினை இவ்விடத்து நோக்கற்பாலது. இன்று விலைக்குக் கொள்ளுதல், பெறுதல் என்னும் பொருள்களிலேயே பயின்று வழங்கினும், அதற்குப் பண்டு வளைதல், வளைத்தல், இழுத்தல் என்பன பொருளாயிருந்தன. மூங்கில் வளைதற்கும் அச்சொல் உண்டு. கயிற்றை இழுத்தற்கும் உண்டு. வில்லிலோ இவ்விரண்டும் இரு செயலல்ல. நாணை இழுத்தலே மரத்தை வளைத்தல். மரம் வளைதலே நாண் வருதல். ஒருவினையின் இரு முகங்களை ஒருங்கே குறிப்பதற்கு இதனினும் பொருத்தமான சொல் அமைதல் அரிது. ஆதலின் வில் வாங்கினான் என்பதற்கு ‘வில்லை எடுத்தான்’ என்று உரை எழுதுதல் பெரும்பிழை. அவ்வாறே நாணேற்றலையும் வாங்கலையும் ஒன்றாகக் கொள்ளுதலும் பிழையாம். நாணேற்றல் என்பது தளர்ந்து கிடக்கும் வில்லைப் போருக்கு ஆயத்தமாக்க நாணின் மறுமுனையை விற்குதையில் மாட்டுதல். வான்மீகியார் மிதிலையிலே இராமன் முதலில் நாணேற்றியதையும், பின்னர் ஈர்த்தபோது வில் நடுவில் முறிந்ததையும் வேறு வேறாகவே கூறுகிறார். கம்பர் அந்நிகழ்ச்சியைக் காண்பார் கண்ணிற்கு எட்டாத விரைவினதாகச் சுருக்கிக்கொண்டார். எனினும் வில் முறிதற்குரிய நேரம் முழு ஈர்ப்பே என்பதும், அப்போது மரத்தின் வயிற்றிலும் முதுகிலும் இறுக்கம் மிகுந்து நிற்கும் என்பதும் இருவர் கூற்றிற்கும் அடிப்படை.

இனி நிலைகோளுக்கு வருவோம். வில்லாளன் குறிபார்க்கும்போது அம்பின் முன்முனை வில்லில் தங்கியிருக்கிறது. பின்முனை அவன் கையில் இருக்கிறது. துப்பாக்கியில் பின்குறி இரும்பில் அசையாது பொருத்தப்பட்டுள்ளது. வில்லிற்கோ அத்தகைய பின்குறி இல்லை. எய்வான் முகமே பின்குறி. ஆகவே கை ஒவ்வொரு முறையும் முகத்தின் ஒரே இடத்திற் சென்று பொருந்தினாலன்றி அம்பு ஒரே வழிச் செல்லாது. இதன் அளவை ஒரு கணக்கால் உணரலாம். கைக்கும் வில்லிற்கும் இடையே அம்பின் நீளம் 70 சென்டிமீட்டர் என்றும், இலக்கு 70 மீட்டர் தொலைவில் உள்ளது என்றும் கொள்வோம். கை தன் இடத்தினின்றும் ஒரு சென்டிமீட்டர் தாழின், இலக்கில் அம்பு ஒரு மீட்டர் உயர்ந்து செல்லும். ஒலிம்பிக் இலக்கின் குறுக்களவு 122 சென்டிமீட்டர். நடுவினின்றும் விளிம்பு 61 சென்டிமீட்டரே. எனவே அம்பு இலக்கையே தாண்டிவிடும். ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தாலும் 10 சென்டிமீட்டர் வேறுபாடு வரும், 12.2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள நடுவட்டத்தினின்றும் அம்பு விலகிப்போகும். நெற்கனத்தில் பாதியளவும் பிறழாது கையை நிறுத்துதற்கு எலும்பொன்று வேண்டும். மென்மையான கன்னம் அதற்கு உதவாது, தாடையெலும்பு உதவும். அதனால்தான் இக்காலத்தார் சுட்டுவிரலைத் தாடையின் கீழ் எலும்போடு ஒட்ட வைத்து, நாணை மோவாயின் நடுவிலும் மூக்கின் நுனியிலும் படுமாறு நிறுத்துகின்றனர். ஒன்றுக்கு மூன்றாகத் தொடுமிடங்கள் அமைதலின், தலை சிறிது சாய்ந்தாலும் எய்வான் உணர்ந்துகொள்கிறான்.

அவ்வாறாயின் செவி எதற்கு? செவிக்கு ஈர்த்தால் அம்பு கண்ணிற்கு நேர்கீழே கிடப்பதில்லை. பக்கத்தே விலகி நிற்கும். கண்ணின் கோடும் அம்பின் கோடும் ஒன்றாகா. விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கில வில்லாளர் ஓரேசு போர்டு, 1849 முதல் 1859 வரை தொடர்ந்து பதினொரு முறை அந்நாட்டு முதன்மையை வென்றவர், இக்காரணத்தாலேயே செவியளவு ஈர்ப்பைக் கைவிட்டார். அம்பு கண்ணிற்கு நேர்கீழே அமைதல் வேண்டும் என்று 1856-இல் வெளிவந்த தம் நூலில் அவர் வற்புறுத்தினார். இக்கால வில்விளையாட்டு அவர் வழியதே. அங்ஙனமாயின் பண்டையோர் அறியாமையால் செவிக்கு ஈர்த்தனரோ எனின், அன்று. அவர் வேண்டியது வேறு.

நாண் ஏற்றிய வில்லில் நாணிற்கும் பிடிக்கும் இடையே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். ஒருவன் மோவாய்க்கு ஈர்க்கும்போது நாண் பிடியினின்றும் 70 சென்டிமீட்டர் வருமாயின், உண்மையான ஈர்ப்பு 55 சென்டிமீட்டர். அவனே செவிக்கு ஈர்ப்பின் 78 சென்டிமீட்டர் வரலாம். அப்போது ஈர்ப்பு 63 சென்டிமீட்டர். ஈர்ப்பு மிகுமளவிற்கு வில்லின் எதிர்வலியும் மிகுமாதலின், வில்லில் சேமிக்கப்படும் ஆற்றல் ஈர்ப்பின் இருமடிக்கு ஒத்து வளர்கிறது. 55-இன் இருமடி 3025. 63-இன் இருமடி 3969. எட்டு சென்டிமீட்டர் கூடியதால் ஆற்றல் நூற்றுக்கு 31 பங்கு கூடிவிட்டது. எடை மாறாத அம்பாயின் அதன் விரைவு ஏழில் ஒரு பங்கு மிகும். காற்றின் தடையை நீக்கிக் கணக்கிட்டால் எட்டும் தொலைவும் நூற்றுக்கு 31 பங்கே மிகும். ஒரு வில், ஒரு மனிதன். கை நிற்கும் இடம் ஒன்றே வேறு. போர்க்களத்திற் கவசத்தையும் யானையின் தோலையும் ஊடுருவ வேண்டியவனுக்கு இம்மிகுதி பெரிது. அவன் இலக்கு 12 சென்டிமீட்டர் வட்டமன்று. பாய்ந்து வரும் குதிரை, நெருங்கி நிற்கும் படை. கண்ணிற்குக் கீழே அம்பு கிடவாத குறையைப் பல்லாண்டுப் பழக்கத்தால் அவன் ஈடுசெய்துகொண்டான்.

இவ்வேறுபாட்டைப் பண்டையோரே அறிந்து பேசியுள்ளமைக்குக் கிரேக்கச் சான்று ஒன்று உண்டு. இலியத்து நான்காம் காண்டத்தில் பாண்டாரசு மெனலாயசை எய்யுமிடத்து நாணை மார்பிற்கு ஈர்க்கிறான் என ஓமர் பாடுகிறார். ஆறாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசின் போர்களை வரைந்த புரோக்கோப்பியசு, தம் நூலின் தொடக்கத்திலேயே இதனைக் குறிப்பிட்டு, ஓமர் காலத்தார் மார்பளவே ஈர்த்தமையின் அவர் அம்பு வலியற்றதாயிற்று என்றும், தம் காலத்துக் குதிரைவீரர் நெற்றிவழியே வலச்செவிக்கு ஈர்த்தலின் அவர் அம்பைக் கேடயமும் கவசமும் தாங்கமாட்டா என்றும் எழுதுகிறார். பாவியத்தின் ஓரடியைப் படைத்தொழிலின் சான்றாகக் கொண்டு நுணுகிய அவ்வரலாற்றாசிரியரின் முறை நமக்கும் வேண்டுவதொன்று.

நம் நாட்டிலும் நிலைகோளை வகுத்துரைத்த நூல் உண்டு. வசிட்டர் பெயரால் வழங்கும் தனுர்வேத நூல், ஈர்ப்பு சென்று முடியும் இடம் பற்றி அதனை ஐவகையாகப் பகுக்கிறது. மயிரடியளவு வருவது கைசிகம், செவியளவு வற்சகர்ணம், கழுத்தளவு பரதம், தோளளவு கந்தம், சாத்துவிகம் என ஒன்றும் அவற்றொடு சேரும். ஐந்தனுள் ஒன்றாகச் செவி எண்ணப்படுதலின், அச்சொல் வெறும் மிகையன்று என்பது தெளிவு. கழுத்தென்றும் தோளென்றும் கூறுவதற்கு இடமிருந்தும் புலவர் மிகப் பெரும்பான்மை செவியையே எடுத்தாண்டமை, அதுவே போர்வில்லின் முழு ஈர்ப்பாகக் கருதப்பட்டமையைக் காட்டும் என்பது எம் கருத்து.

புறநானூற்றின் 152-ஆம் பாட்டில் வன்பரணர் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் ஊடுருவிப் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தங்கியது என்பது செய்தி. இது புனைந்துரை என்பதை எவரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் புனைந்துரை எத்திசையில் மிகுகிறது என்பதே காணத்தக்கது. ஓரி சிறு குறியைத் தப்பாது அடித்தான் என்று வன்பரணர் மிகைப்படுத்தவில்லை. அவன் அம்பு நில்லாது சென்றது என்றே மிகைப்படுத்துகிறார். புகழப்படுவது வலி. வல்வில் என்னும் அடைமொழியும் அதுவே. செவியளவு வாங்கல் எந்த மதிப்பீட்டிற் பிறந்ததோ, அம்மதிப்பீட்டிலேயே இப்பாட்டும் பிறந்திருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தமிழ்ப் பாட்டொன்றிற் செவி என வருதல் ஒன்றே கொண்டு, தமிழ் வில்லாளர் பெருவிரற்பிடி கொண்டனர் என்று துணிதல் கூடாது. ஆங்கில நெடுவில்லார் விரற்பிடி கொண்டே செவிக்கு ஈர்த்தனர். பிடி வேறு, நிலைகோள் வேறு. ஏகலைவன் கதை பிடிக்குச் சான்றாகும். செவி என்னும் சொல் நிலைகோளுக்கு மட்டுமே சான்றாகும்.

நிறுத்தல் எத்துணைப் பொழுது என்பதும் உரையாசிரியர்க்கு வேண்டிய செய்தி. நிறுத்தல் நீளலாகாது, நீளின் வில்லும் கெடும் எய்தலும் கெடும் என்பது ஆசுக்கம் கருத்து. 50 கிலோகிராம் வலியுள்ள போர்வில்லைச் செவிக்கு ஈர்த்து ஒருவன் உரையாடி நிற்றல் இயலாது. காப்பியத்தில் வில் வளைத்து நின்றவாறே வஞ்சினம் கூறும் வீரன் நாணை வாங்கி நிற்கவில்லை. அம்பைத் தொடுத்து நிற்கிறான் என்றே கொள்ளுதல் வேண்டும். பொதுவாக வளைத்தான் என்றிருக்குமிடத்து இடம் நோக்கி நாணேற்றலோ தொடுத்தலோ வாங்கலோ எனத் தேர்ந்து உரைப்பதே முறை.

கைக்கருவிகளின் பெயர்களிலும் இத்தகைய தேர்வு வேண்டும். மீளும் நாண் அறைவது வில் ஏந்திய இடமுன்கை. அதன்மேற் கட்டும் தோலை வடமொழியார் கோதா என்பர். உடும்பிற்கும் அப்பெயரே உண்டு. தமிழில் அது கோதை, கைக்கோதை என வழங்கும். நாண் உராய்வது ஈர்க்கும் வலக்கை விரல். அதற்கு இடும் உறை புட்டில். அம்பறாத்தூணிக்கும் புட்டில் என்னும் பெயர் உண்மையின், கோதையொடு சேர்ந்து வருமிடத்து விரலுறை என்றும், முதுகொடு சேர்ந்து வருமிடத்துத் தூணி என்றும் கொள்ளுக.